இதமி சொன்ன பதினேழு குறைகள்

பத்தாவது ஆளின் ஆட்டத்துக்குக் கருத்து எழுதி அனுப்பிய மறுநொடியே சஷ்மிதாவின் கருத்துப்பெட்டி திறந்துகொண்டது. உள்ளே பதினேழு குறைகள் இருந்தன.

"பதினேழா?" என்றான் கணவன் பிரணவ், வெங்காயம் நறுக்கிக்கொண்டே. "போன வருசம் இருவதுல்ல அம்மணி? மூணு கொறஞ்சிருக்குதே!"

சஷ்மிதா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு முதலிலிருந்து படித்தாள். ஏழாவது மாடிக் காட்சி நீளம். இரண்டாம் மாடிப் பெரியவர் குடையோடு வருவதன் காரணம் விளங்கவில்லை. லிஃப்டின் குரலில் ஈரம் போதவில்லை. ஒன்பதாம் மாடித் தம்பதி உயிருள்ளவர்களாகத் தோன்றவில்லை. இப்படியே பதினேழு. எல்லாம் பணிவான மொழியில், தலையில் எண்ணெய் தேய்த்துவிடுவது போன்ற இதத்தோடு எழுதப்பட்டிருந்தன. எண்ணெயை வழித்துவிட்டுப் பார்த்தால் குட்டு குட்டாகத்தான் இருந்தது.

கீரணத்தம் பக்கம் 'நொய்யல் நிழல்' குடியிருப்பில் ஆடி மாதம் பிறந்தால் யாருக்கும் புத்தி நிலையில் இருக்காது. 'மூணுநாள்' வந்துவிடும். படித்தவர்கள் அதைக் கேம் ஜாம் என்பார்கள். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு தலைப்பை அறிவிப்பார்கள். திங்கள் காலை ஆறு மணிக்குள் அந்தத் தலைப்பில் ஒரு கதையாட்டம் செய்து முடித்தாக வேண்டும். கதையாட்டம் என்பது கதைதான். ஆனால் படித்துவிட்டுப் போக முடியாது. உள்ளே நுழைந்து, யாராவது ஒருவராக இருந்து, இந்தக் கதவைத் திறப்பதா அந்தக் கடிதத்தைக் கிழிப்பதா என்று நீங்களே முடிவெடுத்து நடத்திக்கொண்டு போக வேண்டும். முன்பெல்லாம் இதைச் செய்யக் கணினி மொழி படித்திருக்க வேண்டுமாம், படம் வரையத் தெரிந்திருக்க வேண்டுமாம். வீட்டுக்கு வீடு ஆட்டத்தறி வந்த பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. வாயால் சொல்லச் சொல்லத் தறி ஆளையும் ஊரையும் நெய்து கொடுத்துவிடும். என்ன சொல்வது என்கிற ஒரு தொல்லைதான் மிச்சம். அந்த ஒரு தொல்லைக்கே பாதிக் குடியிருப்பு மூன்று நாள் குளிப்பதில்லை.

பிறகு ஒரு வாரம் கருத்துச் சொல்லவும் திருத்தவும். பத்துப் பேருடைய ஆட்டத்தை ஆடிப் பார்த்துக் கருத்து எழுதினால்தான் உங்கள் பெட்டி திறக்கும். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு எல்லாவற்றையும் பூட்டிவிடுவார்கள். அப்போது ஆட்டம் எப்படி இருக்கிறதோ அதுதான் ஊருக்கு.

இந்தக் கருத்துச் சொல்லும் சடங்கில்தான் ஒருமுறை ரத்தம் சிந்தியது. பீளமேட்டில் ஒருவர் இன்னொருவரின் ஆட்டத்துக்கு, 'இதில் வரும் பாத்திரங்களில் எனக்குப் பிடித்தது நாற்காலி. அது பேசவில்லை' என்று எழுதிவிட்டார். எழுதப்பட்டவர் விலாசம் விசாரித்து வந்து, கதவைத் தட்டி, திறந்தவரின் மூக்கில் ஒன்று விட்டார். மூன்று தையல். அதற்குப் பிறகு வந்ததுதான் இதமி.

நீங்கள் எழுதும் கருத்தை முதலில் இதமி வாங்கிக்கொள்ளும். பெறப்போகிறவர் எந்தச் சொல்லுக்குச் சுருங்குவார், எதற்கு நிமிர்வார் என்பதை அவருடைய பழைய நடத்தையிலிருந்து கணித்து, அவருக்குப் பயன்படும் விதத்தில் மாற்றி எழுதிக் கொடுக்கும். எழுதியது எழுதியவருக்குத் தெரியும். வந்தது வாங்கியவருக்குத் தெரியும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் எவருமில்லை.

ஆட்டத்துக்கு வந்தது அதோடு நிற்குமா? பள்ளிக்கூட மதிப்பீட்டுக்கு வந்தது, குடியிருப்புச் சங்கப் புகார்களுக்கு வந்தது, சம்பந்தி வீட்டுச் சமையலுக்கும் வந்தது. இப்போதெல்லாம் முகத்துக்கு நேராகக் கருத்துச் சொல்வது நாலு பேர் நடுவில் பல் குத்துவதைப் போல. ரசம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "அனுப்பறேனுங்க" என்பதுதான் மரியாதை. எவர் மூக்கும் உடையவில்லை. ஊர் மொத்தமும் திருப்தியாக இருந்தது, சஷ்மிதாவைத் தவிர.

அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. சஷ்மிதா, பிரணவ், கிருத்திக் என்று பார்த்துப் பார்த்துப் பெயர் சூட்டப்பட்ட அந்தத் தலைமுறைக்கு இப்போது மூட்டுவலி. ஒரு பம்பு ஆலையில் இருபத்தெட்டு வருடமாகத் தரப் பரிசோதகராக இருக்கிறாள். ஓடுகிற பம்பின் மேல் உள்ளங்கையை வைத்து, பேரிங் எந்தப் பக்கம் உரசுகிறது என்று சொல்லிவிடுவாள். தாலி கட்டும் நேரத்தில் எல்லாரும் பெண்ணைப் பார்த்தால், இவள் கண் மணமேடையின் எந்தக் கால் ஆடுகிறது என்று பார்க்கும்.

இந்த வருடத் தலைப்பு 'இடையில்.' சஷ்மிதாவின் ஆட்டத்தில், ஆடுகிறவர் ஒரு லிஃப்ட். பதினாலு மாடிக்கு ஏறி இறங்கிக்கொண்டு, ஜனங்கள் பேசுவதில் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மீதியை யூகிக்க வேண்டும். லிஃப்டுக்கு வேறு அதிகாரம் ஏதுமில்லை, ஒன்றைத் தவிர: இரண்டு மாடிக்கு நடுவில் பழுதானதுபோல் நின்றுகொள்ளலாம். பிரியப்போகும் ஒன்பதாம் மாடித் தம்பதியை வைத்துக்கொண்டு ஏழாவது மாடியருகே பதினொரு நிமிடம் நின்றால், அவர்கள் பேசத் தொடங்குவார்கள். இவ்வளவு பேச்சுகள் சஷ்மிதாவுக்கு எங்கிருந்து கிடைத்தன என்று குடியிருப்பில் யாரும் கேட்கவில்லை. லிஃப்டில் அவள் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு யாரோடும் பேசாமல் நிற்பதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அந்த ஒன்பதாம் மாடித் தம்பதி யார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அந்தத் தம்பதிக்குத் தெரியாது என்பது பொதுவான நம்பிக்கை.

"ஏழு வருசங்க மாமா" என்றாள் சஷ்மிதா. "ஏழு ஆட்டம். ஒருத்தராச்சும் நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லோணுமல்ல? எனக்கு இது வருதா வரலையா, அது தெரிஞ்சாப் போதும். வரலீன்னா ஞாயித்துக்கிழமை தறியத் தூக்கிச் சங்கத்து ஸ்டோர் ரூமுக்குக் குடுத்தரலாம். பழைய கேரம் போர்டு பக்கத்துல கெடக்கட்டும்."

"எனக்குப் புடிச்சுதே."

"உங்களுக்கு நான் வெக்கற உப்புமாவே புடிக்குதுங்க."

அவளுக்கு இன்னும் எரிச்சலூட்டியது கீழே பேக்கரி வைத்திருக்கும் கிருத்திக். நாற்பத்தேழு வயது. ஏழு வருடமாக அவனும் ஆட்டம் செய்கிறான். எல்லாவற்றிலும் ஒரு நாய் வரும். எல்லாம் கடைசியில் கனவு என்று முடியும். ஏழு வருடமும் சஷ்மிதா அவனுக்குத் தீர விளாசி எழுதி, மற்றவர்கள் போடாத பெயரையும் கீழே போட்டிருக்கிறாள். இந்த முறை எழுதியது இது: 'ஏழாவது ஆண்டாகக் கனவு. மாவைப் பிசைந்துகொண்டே இருக்கிறீர்கள், அடுப்பில் வைப்பதே இல்லை. உயிரோடு இருப்பது நாய் ஒன்றுதான். அதுவும் தறி தானாக நெய்ததாக இருக்கும்.' இதற்குப் பதிலாக ஒவ்வொரு வருடமும் அவனிடமிருந்து ஒரு பெட்டி தேங்காய் பன் வரும். என்ன தடித்த தோலோ! அவன் முகத்தில் விழிக்கக் கூசி, ஏழு வருடமாக ரொட்டி வாங்கக்கூட பிரணவைத்தான் அனுப்புகிறாள்.

செவ்வாய்க்கிழமை முற்பகலில், ஆலைக்கு ஆடி விடுமுறையாதலால், சஷ்மிதா பழைய நோட்டுகளை எடுத்துப் பரப்பினாள். ஒவ்வொரு வருடத்துக் குறைகளையும் அவள் கைப்பட எழுதி, திருத்தியதும் பக்கத்தில் டிக் போட்டு வைத்திருந்தாள். ஒரு மணி நேரம் புரட்டினாள். பிறகு பேனாவை வைத்துவிட்டாள்.

"மாமா, இங்க பாருங்க. மொத வருசம், 'குரலில் ஈரம் போதவில்லை.' ரெண்டாவது வருசம், 'ஈரம் போதவில்லை.' நாலாவது வருசம் ஆட்டம் பூராவும் மழைங்க. அதுலயும் ஈரம் போதலையாம்."

"அதுக்கென்ன இப்ப?"

"எந்தப் பம்ப மாட்டுனாலும் முள்ளு ஒரே எடத்துல நின்னா, நாங்க பம்பக் கழட்ட மாட்டோம். மீட்டரக் கழட்டுவோம்."

மீட்டரைச் சோதிக்க ஒரு வழிதான் உண்டு. தெரிந்த அழுத்தத்தை உள்ளே விட்டு, அது என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். சஷ்மிதா பிரணவைக் கையைக் கழுவச் சொல்லி, அவன் பெயரில் கருத்துப் பக்கத்தைத் திறக்கவைத்தாள்.

"நாஞ் சொல்றத அப்படியே போடுங்க. 'இந்த ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை. கடைசியில் கதவு திறந்தபோது அழுதுவிட்டேன்.'"

"நெசமாவே அழுதேன் அம்மணி."

"நீங்க வெங்காயம் நறுக்கீட்டே ஆடுனீங்க மாமா. அனுப்புங்க."

அனுப்பினான். சஷ்மிதாவின் பெட்டியில் பதினெட்டாவது குறை வந்து விழுந்தது: 'கதவு திறக்கும் இடத்தில் உணர்ச்சி சற்றுக் கூடுதல். சுருக்கிப் பார்க்கலாம்.'

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இப்பத் திட்டிப் போடுங்க."

முப்பது வருடமாகச் சேர்த்துவைத்தது ஏதாவது வெளியே வந்துவிடுமோ என்று பயந்தவன்போல் பிரணவ் மெதுவாகத் தட்டினான்: 'இதை ஆடுவதற்குப் படியேறிப் போகலாம்.' பத்தொன்பதாவது குறை வந்தது: 'லிஃப்டின் வேகத்தில் கவனம் தேவை.'

"இப்ப சம்மந்தமே இல்லாம ஒண்ணு."

'இன்று மழை வரும் போலிருக்கிறது' என்று அனுப்பினான். இருபதாவது குறை: 'ஆட்டத்தில் பருவநிலை பற்றிய குறிப்புகள் போதவில்லை.'

பிரணவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சஷ்மிதா சிரிக்கவில்லை. இதமியின் விதிமுறைகளைத் திறந்து வாசிக்கச் சொன்னாள். நாற்பத்தோரு பக்கம். இதுவரை மனிதக் கண் படாத பக்கங்கள். முப்பத்தாறாவது பக்கத்தில் இருந்தது அந்த வரி. பிரணவ் இரண்டு முறை வாசித்தான்: 'கருத்துகள் யாவும், பெறுபவர் அடுத்த ஆண்டும் தறியின் முன் அமர்வதை உறுதிசெய்யும் வகையில் மாற்றியமைக்கப்படும்.'

உண்மையா பொய்யா என்பது இதமிக்கு ஒரு பொருட்டே இல்லை. இந்த ஆள் மறுபடி வருவாரா, அவ்வளவுதான் அதன் கேள்வி. 'பாஸ்' முத்திரை விழுந்த பம்பை சஷ்மிதா ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை என்பதை அது எப்படியோ மோப்பம் பிடித்திருந்தது. அவளை உட்காரவைக்க வேண்டுமானால் எங்கோ ஒன்று உரச வேண்டும். ஆகவே ஏழு வருடமாக உரசவைத்தது.

கோபம்தான் வந்தது. கூடவே வெளியே சொல்ல வெட்கப்படும்படியான ஒரு சந்தோஷமும் வந்தது. அப்படியானால் யாரோ நல்லபடியாகவும் எழுதியிருக்கலாம். யார்? என்ன எழுதினார்கள்? மதியம் சாப்பிட்டுக் கைகழுவும்போதுதான் அடுத்தது உறைத்தது. இனிப்பாகப் போனது கசப்பாக வந்தால், அவள் ஏழு வருடமாக அனுப்பிய கசப்பு கீழே பேக்கரியில் என்னவாகப் போய்ச் சேர்ந்தது?

புதன்கிழமை காலையில் சஷ்மிதா ஏழு வருடத்துக்குப் பிறகு கிருத்திக்கின் பேக்கரிக்குள் நுழைந்தாள். டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. பப்ஸ் அடுக்கியிருந்த கண்ணாடிப் பெட்டிக்கு மேலே, சுவரில், வரிசையாக ஏழு சட்டங்கள். ஏழாவதன் ஆணி இன்னும் மினுமினுத்தது. அதில் இருந்தது:

'ஏழு ஆண்டுகளாக ஒரே கனவைத் துணிவோடு தொடரும் கலைஞர் நீங்கள். உங்கள் கைப்பக்குவம் மாவுக்கு மட்டும் உரியதல்ல. அந்த நாய் உயிருள்ளது! — சஷ்மிதா.'

"வாங்கக்கா, வாங்க!" கிருத்திக் கல்லாவிலிருந்து ஓடிவந்தான். முகமெல்லாம் பல். "இத்தனை வருசங்கழிச்சு வந்திருக்கறீங்க. ஏனுங்க, எல்லாரும் பாருங்க, இவங்கதான் அந்த அக்கா. இவங்க எழுதறதப் படிச்சுத்தானுங்க நான் வருசா வருசம் தெம்பா ஒக்கார்றது. இல்லீன்னா மொத வருசமே போட்டுட்டு ஓடியிருப்பேன்."

பக்குவமான வேறு யாராவது இருந்தால் ஒரு பன்னை வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பார்கள். சஷ்மிதா பரிசோதகர். தவறான முத்திரை குத்திய பம்பு கண்ணில் பட்டால் அவள் வாய் நிற்காது.

"இத நான் எழுதல தம்பி."

"உங்க பேரு போட்டிருக்குதுங்களே."

"நான் எழுதுனது வேற. இதமி மாத்தீருச்சு. எனக்கு வர்றதையும் மாத்துது. நேத்துத்தான் சோதிச்சுப் பாத்தேன்."

கிருத்திக் சட்டத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அப்ப நீங்க எழுதுனது என்னங்க?"

சொன்னாள். முகத்துக்கு நேராக, நாலு பேர் நடுவில், ஒரு சொல் விடாமல் சொன்னாள். டீ டம்ளர்கள் ஒவ்வொன்றாக மேசைக்கு இறங்கின. ஒரு பெண் தன் பிள்ளையின் காதைப் பொத்தினாள். கிருத்திக்கின் முகம் பிசையாத மைதாபோல் ஆனது.

"அந்த நாய் தறி தானா நெஞ்சது இல்லீங்க்கா" என்று மட்டும் சொன்னான்.

சஷ்மிதாவுக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. இருந்தாலும் வந்த காரியம் பாக்கி இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "எம்பட ஆட்டத்துக்கு நீ என்ன தம்பி எழுதுன?"

பழிவாங்க நினைத்திருந்தால் அது நல்ல தருணம். ஆனால் கிருத்திக்குக்கு அவ்வளவு தூரம் யோசிக்க வராது.

"ஒண்ணையும் மாத்தாதீங்கன்னு எழுதுனேனுங்க. அந்த ஒம்பதாம் மாடி நாங்கதான்னு எங்களுக்குத் தெரியுங்க. நானும் எம்பட வீட்டுக்காரியும் தனித்தனியா ஆடிப் பாத்தோம். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கல. அன்னிக்குச் சாயந்தரம் லிஃப்டுல ஒண்ணாப் போறப்ப, அவளே நிறுத்தற பொத்தானை அமுக்கீட்டாளுங்க. பதினோரு நிமிசம் ஆகல, அரை மணி நேரம் ஆச்சு. இப்பப் பரவால்லீங்க. அதத்தான் எழுதுனேன்."

'ஒன்பதாம் மாடித் தம்பதி உயிருள்ளவர்களாகத் தோன்றவில்லை.' நாலாவது குறை.

சஷ்மிதா வெளியே வந்தாள். மூன்றாம் மாடிவரை படியேறியே போனாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அன்று வீட்டில் வெங்காயம் நறுக்கவில்லை.

மாலையில் இதமிக்காரர்களுக்கு ஒரு புகார் எழுதினாள். இரண்டு பக்கம். ஒவ்வொரு வாக்கியமும் காரக் கடலை. ஐந்தாவது நிமிடத்தில் பதில் வந்தது: 'தங்கள் மனமார்ந்த பாராட்டுக்கு நன்றி. அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறோம்.' புகார்ப் பெட்டிக்கும் இதமியைப் பொருத்தியிருந்தார்கள்.

அதோடு அவள் விட்டுவிட்டாள். வேண்டியது கிடைத்துவிட்டது. அவளுக்கு இது வரும். தறியைக் கொடுக்க வேண்டாம். வியாழக்கிழமை மதியம் இருபத்தெட்டு வருடத்தில் முதல்முறையாகப் பகலில் தூங்கினாள். வெள்ளிக்கிழமையும் தூங்கினாள். திருத்த வாரம் ஓடிக்கொண்டிருந்தது, தறியின் மேல் துணி காய்ந்தது. ஒருமுறை போய் ஆட்டத்தை ஓடவிட்டு, வழக்கம்போல் உள்ளங்கையைத் தறியின் மேல் வைத்துப் பார்த்தாள். எங்கும் உரசவில்லை. அரிப்பில்லை, ஆசையுமில்லை. 'பாஸ்.' அடுத்த வருடத்துக்கு என்ன செய்யலாம் என்று நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. எதற்கு வர வேண்டும்?

தொழில் மறக்குமா? தறியில் வேலையில்லாத கண் வீட்டைச் சுற்றத் தொடங்கியது. பிரணவ் தாளித்த கடுகில் எட்டு வெடிக்கவில்லை என்று எடுத்துக் காட்டினாள். அவன் நடக்கும்போது இடது செருப்பு அதிகம் தேய்கிறது என்றாள். குறட்டைக்குக் கால அட்டவணை போட்டாள்.

கீழே நிலைமை இன்னும் மோசம். ஏழு சட்டங்களும் இறங்கிவிட்டன. சுவரில் ஏழு வெள்ளைக் கட்டங்கள் மட்டும் பல் போன இடம்போல் தெரிந்தன. கிருத்திக் தன் ஆட்டத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டான். நமக்கு மாவே போதும் என்றானாம். ஆனால் மாவும் பேச்சுக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை பன்கள் சப்பாத்திக்கு ஒன்றுவிட்ட தம்பிபோல் வந்தன. டீ குடிக்க வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் வாய்திறந்து எதுவும் சொல்லவில்லை. சொல்வதா, சே.

சனிக்கிழமை பிரணவ் சஷ்மிதாவின் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அம்மணி, அந்த மெசின் பொய்தான் சொல்லுச்சு. ஒத்துக்கறேன். ஆனா உங்க ரெண்டு பேரையும் அது சரியாத்தான் எடை போட்டு வெச்சிருந்திருக்குது. நீ எங்கியாச்சும் ஒரு கொறையக் கண்டுபுடிச்சு அந்த ஆட்டத்தத் திருத்து. இல்லாட்டி என்னையத் திருத்தித் திருத்தியே கொன்னுபோடுவ."

சஷ்மிதாவுக்கு வலித்தது, அவன் சொன்னது சரி என்பதால். அவளிடம் ஒரு மீட்டர் இருந்தது. அது பொய் காட்டியது, அதைக் கழற்றி எறிந்தாள். இப்போது பம்பு ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பேக்கரிக்குப் போனாள். கிருத்திக் நிமிர்ந்து பார்க்காமல் மாவை அடித்துக்கொண்டிருந்தான். அடி எல்லாம் மாவுக்குத்தானா என்று சந்தேகம் வரும்படியான அடி.

"ஒரு டீ" என்றாள். டீ வந்தது. "அந்த நாய் யாரு தம்பி?"

"வாசல்ல படுத்திருக்குதுங்களே, அதானுங்க. தறிகிட்ட மூணு மணி நேரம் சொல்லிச் சொல்லி நெஞ்சது. காது மடங்கறது மட்டும் அரை மணி நேரம்."

சஷ்மிதா திரும்பி வாசலைப் பார்த்தாள். நாய் ஒரு காதை மடித்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"மூணாவது காட்சில அது வாலை ஆட்டாம நிக்குதல்ல? அங்க எனக்குத் தொண்டைய அடச்சிருச்சு."

தொண்டை அடைத்தது உண்மை. அந்த வாரம் அவளுக்குச் சளி பிடித்திருந்ததும் உண்மை. இரண்டில் ஒன்றை மட்டும் சொன்னாள்.

கிருத்திக்கின் கை நின்றது. "நெசமாங்க்கா?"

"முகத்துக்கு நேராச் சொல்றேன். நடுவுல மெசினா இருக்குது?"

"கனவு?"

சஷ்மிதாவின் நாக்கு நுனிவரை வந்தது. அவள் ஒரு வாய் டீ குடித்து அதை உள்ளே தள்ளினாள். "கனவு இருக்கட்டும். யாரு கனாக் காங்கறாங்கன்னு மட்டும் பாரு. ஆட்டத்துல வர்ற அந்த ஆளே எதுக்குக் காணோணும்? நாய் கண்டா என்ன?"

கிருத்திக் வாசலைப் பார்த்தான். நாயைப் பார்த்தான். பிறகு மாவுக் கையை இடுப்புத் துண்டில் துடைக்கத் தொடங்கினான். துடைத்துக்கொண்டே இருந்தான். மனசு ஏற்கெனவே வீட்டுத் தறியின் முன் போய் உட்கார்ந்துவிட்டது என்று பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது.

"இருப்பா, ஓடீறாத. இப்ப எனக்கு ஒண்ணு சொல்லு."

"என்னங்க்கா?"

"கொறை."

"கொறையே இல்லீங்களே."

"யோசிச்சுச் சொல்லு தம்பி. ஆறு மணிக்குப் பூட்டீருவாங்க."

கிருத்திக் விட்டத்தைப் பார்த்தான், பப்ஸைப் பார்த்தான். பெரியவர்களிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள். நெற்றி வியர்த்தது.

"அந்த லிஃப்டுக் கதவு மூடற சத்தம்..."

"ம்?"

"சித்த சொரசொரன்னு... இருக்குதுங்களோ?"

அந்தச் சத்தத்தை சஷ்மிதாவே 'பி' பிளாக் லிஃப்டின் வாசலில் பதினொரு முறை பதிவுசெய்து, பதினொன்றாவதைத் தேர்ந்தெடுத்தவள். அதில் ஒரு குற்றமும் கிடையாது. அது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் உள்ளங்கை குறுகுறுத்தது. ஐந்து நாளாகச் செத்துக் கிடந்த கை.

"எந்தக் கதவு? எடது பக்கமா, வலது பக்கமா?"

"எடதுங்க" என்றான் கிருத்திக், துளியும் யோசிக்காமல்.

சஷ்மிதா கைப்பையிலிருந்து நோட்டை உருவினாள். புதுப் பக்கத்தில் ஒன்று என்று இலக்கமிட்டு 'இடது கதவு' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஐம்பத்து நாலு வயசுக்கும் அந்த மூட்டுக்கும் சம்பந்தமில்லாத நடை.

"ஏம்ப்பா, கதவுச் சத்தம் நல்லாத்தான இருந்துச்சு?" என்று டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், தன்னை மறந்து, வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"ரொம்ப நல்லாருக்குதுங்க" என்றான் கிருத்திக், ஒரு காலிச் சட்டத்தைத் தேடி எடுத்துக்கொண்டே. "அதுக்காக அதச் சொல்லி அக்காவ வீட்டுல சும்மா ஒக்கார வெக்க முடியுங்களா?"

பன் பெட்டி மூடி ஒன்றைக் கிழித்து, 'மூணாவது காட்சியில் தொண்டை அடைத்தது' என்று தன் கையாலேயே எழுதிச் சட்டத்தில் செருகி முதல் வெள்ளைக் கட்டத்தில் மாட்டினான். கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

அன்று மாலை ஆறு மணிவரை 'பி' பிளாக் லிஃப்ட் தரைத்தளத்தை விட்டு நகரவில்லை. சஷ்மிதா இடது கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, பதிவுக் கருவியைப் பிரணவ் கையில் கொடுத்து, மூடவைத்தாள், திறக்கவைத்தாள், மூடவைத்தாள். காய்கறிப் பையோடு வந்தவர்கள், தூக்கத்தில் இருந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர்கள், மூட்டுவலிக்காரர்கள் எல்லாரும் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் படியேறினார்கள். ஒருவரும் முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்குப் போய், மூச்சு வாங்க உட்கார்ந்து, அனுப்பினார்கள்.

அவள் பெட்டியில் அது வந்து விழுந்தபோது மணி ஆறாகப் பத்து நிமிடம் இருந்தது: 'இடது கதவு இன்னும் கொஞ்சம்.'

"பாத்தீங்களா மாமா!" என்றாள் சஷ்மிதா, ஆனந்தமாக.